பார்த்திபன் கனவா, சிவகாமியின் சபதமா: எதை முதலில் எடுப்பது?

அல்லிக்கேணி

எல்லோருக்கும் வணக்கம். படம் பார்த்துவிட்டுப் பொன்னியின் செல்வனைக் கையில் எடுத்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஐந்து பாகமும் முடிந்தது. அடுத்து வேறு கல்கி வேண்டும் என்று மனசு கேட்கிறது.

வீட்டில் மாமா, "சிவகாமியின் சபதம் முதலில், அப்புறம் பார்த்திபன் கனவு, அதுதான் கதை நடந்த வரிசை" என்கிறார். ஆபீஸில் பக்கத்து சீட் அக்கா, "மாற்றிப் படித்துவிடாதே, கல்கி முதலில் எழுதியது பார்த்திபன் கனவைத்தான்" என்கிறார். இருவருமே அடித்துச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் மட்டும் "படித்தால் உனக்கே தெரியும்" என்று நழுவுகிறார்கள்.

இந்த இரண்டில் எது முதலில்? அப்படியே பொதுவாகவும் சொல்லுங்கள்: தொடர் புத்தகங்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா? தயவுசெய்து முடிவை உடைக்காமல் பேசுங்கள்.

---

நூலகப்பூனை

எழுதிய வரிசை. வேறு பேச்சே இல்லை.

கல்கி பத்திரிகை 1941-இல் ஆரம்பித்த புதிதில் வந்த தொடர் பார்த்திபன் கனவு. சிவகாமியின் சபதம் 1944 முதல் 1946 வரை. பொன்னியின் செல்வன் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது. சபதத்தை வாராவாரம் படித்தவர்களில் பெரும்பாலோர் கனவை ஏற்கெனவே படித்தவர்கள். அது கல்கிக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார். நரசிம்ம பல்லவர் பிற்காலத்தில் எப்படிப்பட்ட சக்கரவர்த்தியாக ஆனார் என்பதைக் காட்டியாகிவிட்டது. அந்த மனிதர் இளவரசனாக இருந்தபோது என்ன பாடுபட்டார் என்பதை அப்புறம் சொல்கிறார். அந்தத் திசையில் போனால்தான் சுவை.

நீங்கள் கடைசியாக எழுதியதை முதலில் படித்துவிட்டீர்கள். பரவாயில்லை, அது முந்நூறு வருஷம் தள்ளி நடக்கிற தனிக்கதை.

---

வைகைக்கரை

பூனையார் எப்போதும் போல் தீர்ப்போடுதான் வருகிறார் :)

நான் உங்கள் மாமா கட்சி. மகேந்திர பல்லவர், அவர் மகன் நரசிம்மர், நரசிம்மருக்குக் கப்பம் கட்ட மறுக்கும் சோழன் பார்த்திபன், பார்த்திபன் மகன் விக்கிரமன். காலம் இப்படித்தான் ஓடுகிறது. சாளுக்கியர் தலைநகர் வாதாபி வீழ்ந்தது 642-இல். அந்தப் போருக்கு முந்திய கதையும் போரும் சபதத்தில் இருக்கின்றன. போர் முடிந்து, பல்லவப் பேரரசு உச்சியில் நிற்கும்போது ஆரம்பிப்பது கனவு. முதலில் கனவைப் படிப்பவருக்கு நரசிம்மர் யார், சிறுத்தொண்டர் யார், வாதாபி என்றால் ஏன் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. சபதத்தை முடித்துவிட்டுப் போனால் சிறுத்தொண்டர் பெயரைப் பார்த்ததுமே நெஞ்சு விம்மும். பரஞ்சோதியாகக் காஞ்சிக்குள் நுழைந்த பையன் அல்லவா அவர்!

சரித்திர நாவலைச் சரித்திரம் நடந்த வரிசையில் படிப்பதில் என்ன தப்பு?

---

கீழவீதி சங்கர்

எது வீட்டில் இருக்கிறதோ அது முதலில். என் கட்சி அவ்வளவுதான்.

---

பழைய பைண்டிங்

சங்கர் தம்பி சொன்னதைச் சிரித்துவிட்டுத் தள்ள வேண்டாம். என் தலைமுறையில் பாதிப் பேர் அப்படித்தான் படித்தோம். பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து, காலிகோ அட்டை போட்ட தொகுப்புகள் வீடு வீடாகப் போகும். இரண்டாம் பாகம் ஒரு தெருவில் இருக்கும், முதல் பாகம் கல்யாணமாகிப் போன பெண்ணோடு வேறு ஊருக்குப் போயிருக்கும். பொன்னியின் செல்வனைச் சுழற்காற்றில் ஆரம்பித்தவர்களை எனக்குத் தெரியும். பூங்குழலி படகு ஓட்டிக்கொண்டு வருகிறாள், யாரோ வந்தியத்தேவனாம், இலங்கைக்குப் போக வேண்டுமாம், சரி வா போகலாம் என்று ஏறிக்கொண்டார்கள். மணியம் வரைந்த படங்கள் இருந்ததால் யார் யார் என்று முகத்தை வைத்தே பிடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரே நாவலின் பாகங்களை மாற்றிப் படிப்பது வேறு, தனித்தனி நாவல்களின் வரிசை வேறு. முதலாவது வறுமை. இரண்டாவதில் உண்மையிலேயே யோசிக்க விஷயம் இருக்கிறது.

அல்லிக்கேணி அம்மாவுக்கு ஒன்று: பொன்னியின் செல்வனில் பார்த்திபேந்திர பல்லவன் வந்தானே, அவனுக்கும் பார்த்திபன் கனவின் பார்த்திபனுக்கும் சம்பந்தமில்லை. இவன் சோழன். அதே மாதிரி குந்தவை வேறு, குந்தவி வேறு. குந்தவி பல்லவர் வீட்டுப் பெண். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இந்த இரண்டு இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

---

தேன்மொழி சே

அல்லிக்கேணி, இந்தப் பதிவில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எங்கே என்று சொல்கிறேன்.

"சஸ்பென்ஸ் போய்விடும்" என்று இரண்டு கட்சியும் சொல்கின்றன. இரண்டும் உண்மை. கனவில் ஒரு பெரிய புதிர் இருக்கிறது, சபதத்திலும் ஒன்று இருக்கிறது. ஒன்றைப் படித்தால் மற்றதின் புதிர் கொஞ்சம் கசியும். ஆகவே கேள்வி, எந்தப் புதிரை இழக்க உங்களுக்குச் சம்மதம் என்பதுதான். என் பதில்: கனவின் புதிரைக் காப்பாற்றுங்கள். அதாவது பார்த்திபன் கனவு முதலில். சின்னப் புத்தகம், ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

இதோடு நீங்கள் போய்விடுங்கள். இதற்குக் கீழே இரண்டு கதையும் உடைபடும்.

மற்றவர்களுக்கு: கனவின் உயிரே அந்தச் சிவனடியார் யார் என்பதில் இருக்கிறது. போர்க்களத்தில் சாகக் கிடக்கும் பார்த்திபனுக்கு, உன் மகனை வீரனாக வளர்த்து உன் கனவை நிறைவேற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிற ஜடாமுடிக்காரர். கடைசியில் பார்த்தால் பார்த்திபன் யாரை எதிர்த்து உயிர்விட்டானோ அதே நரசிம்ம சக்கரவர்த்தி. இப்போது சபதத்தை முதலில் படித்தவரை நினைத்துப் பாருங்கள். அவர் மகேந்திர பல்லவரை வஜ்ரபாகு வேஷத்தில் பார்த்துவிட்டு வருகிறார். பல்லவ ராஜா என்றால் பொய்மீசையும் மாறுவேடமும் என்று பழகிவிட்டார். அப்பாவிடம் ஏமாந்த வாசகர் மகனிடமும் ஏமாறுவாரா? சிவனடியார் வாயைத் திறந்ததுமே பிடித்துவிடுவார். கூடவே, இந்த நரசிம்மரின் மனசு எவ்வளவு பெரியது என்றும் அவருக்குத் தெரியும். புதிர் அங்கேயே செத்தது.

---

வைகைக்கரை

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் தராசின் மறு தட்டையும் பாருங்கள் தேன்மொழி.

சபதத்தின் பெரும் புதிர் நாகநந்தி. புத்த பிக்ஷு வேஷத்தில் காஞ்சியைச் சுற்றுகிற இந்த ஆள் யார், சாளுக்கிய அரசன் புலிகேசியைப் போலவே ஏன் இருக்கிறார், சிவகாமியின் கலை மேல் அவருக்கு இருப்பது பக்தியா, வெறியா என்று இரண்டு மூன்று பாகம் கல்கி இழுத்துக்கொண்டு போகிறார். கனவை முதலில் படித்தவர் ஒற்றைக்கைக் கபால பைரவரைப் பார்த்துவிட்டு வருகிறார். அந்த ஆள் புலிகேசியின் சகோதரன் நீலகேசி என்று கடைசியில் உடைத்துச் சொல்லியாகிவிட்டது. புலிகேசிக்கு இப்படி ஒரு சகோதரன் உண்டு, அவன் வாதாபிக்குப் பிறகும் உயிரோடு இருந்தான் என்று தெரிந்துகொண்டு சபதத்துக்குள் போனால் நாகநந்தியை எத்தனை பக்கம் ஒளித்து வைக்க முடியும்?

சின்னப் புத்தகத்தின் புதிரைக் காப்பாற்ற நாலு பாகப் பெரிய புத்தகத்தின் புதிரைக் கொடுக்கச் சொல்கிறீர்கள். கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

---

தேன்மொழி சே

நல்ல கேள்வி. ஆனால் நாகநந்தி யார் என்று தெரிந்ததால் சபதம் கெட்டுப்போவதில்லை. அங்கே நம்மைப் பிடித்து வைத்திருப்பது புதிர் இல்லை. வாதாபி எரியும் என்று பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். எரிந்த பிறகு சிவகாமிக்கு என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் நாவல். பிக்ஷு யாரென்று தெரிந்துகொண்டு படித்தால் அவர் பேசும் ஒவ்வொரு வரியும் இன்னும் கனமாகிறது. "இந்த ஆள் இத்தனைக்குப் பிறகும் சாகப்போவதில்லை, ஒரு கையை இழந்துவிட்டு மலைக்குகையில் நரபலி கேட்டுக்கொண்டு உட்காரப்போகிறார்" என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கை போன சம்பவம் கடைசி பாகத்தில் வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சபதத்தை முதலில் படித்தவருக்கு அது பல சண்டைகளில் ஒரு சண்டை.

கனவு அப்படி இல்லை. புதிரை எடுத்துவிட்டால் அது நல்லபடியாக முடிகிற ஒரு ராஜா கதை. செண்பகத்தீவுக்கு நாடுகடத்தப்பட்ட இளவரசன், இரத்தின வியாபாரி வேஷம், பல்லக்கில் போகும்போது பார்த்த பெண், ஓடக்காரப் பொன்னன், வாயாடி வள்ளி, எல்லாம் அழகுதான். ஆனால் சிவனடியார்தான் அச்சாணி.

---

பழைய பைண்டிங்

இருவரும் புதிரையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

பார்த்திபன் கனவு கல்கியின் முதல் சரித்திர நாவல். கை பழகாத இடங்கள் தெரியும். திடீரென்று ஒருவர் வந்து நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். வில்லன் மாரப்ப பூபதி மேடை நாடக வில்லன் மாதிரியே இருப்பான். சபதத்துக்கு வரும்போது அதே கை எவ்வளவு மாறிவிட்டது! ஆயனர் அஜந்தா வர்ணத்தின் ரகசியத்துக்காகத் தவிப்பது, மகேந்திரர் ராஜ்யத்தைக் காப்பாற்றக் கலையை ஒதுக்கி வைக்க வேண்டி வருவது, கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதர் சந்நிதியில் நிற்பது. அதிலிருந்து பொன்னியின் செல்வனுக்குப் போனால், அங்கே வில்லன் என்று ஒருவரைக்கூட முழுசாகக் கை காட்ட முடியாது. நந்தினியையே வெறுக்க முடியவில்லையே.

எழுதிய வரிசையில் படித்தால் இந்த வளர்ச்சி கண்ணில் படும். சபதத்தை முடித்துவிட்டு உடனே கனவுக்குள் போகிறவர்கள், "என்ன, இது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறதே" என்று கீழே வைத்துவிடுகிறார்கள். பெரிய சோகத்திலிருந்து வருகிறவருக்கு அந்தச் சின்னச் சந்தோஷம் ஒட்டாது. பாவம், அது புத்தகத்தின் குற்றம் இல்லை.

வைகைக்கரை, சரித்திரம் நடந்த வரிசை என்றீர்கள். சரித்திரத்தில் பார்த்திபன் எங்கே இருக்கிறான்? பார்த்திபன், விக்கிரமன், பொன்னன், வள்ளி எல்லாரும் கல்கி பெற்றெடுத்தவர்கள். சிறுத்தொண்டரை மட்டும் பெரியபுராணத்தில் தேடினால் கிடைப்பார்.

---

ரயில்வே காலனி

நார்னியா என்ற ஆங்கிலச் சிறுவர் தொடரைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இதே சண்டை அங்கே அரை நூற்றாண்டாக நடக்கிறது.

1950-இல் வந்த முதல் புத்தகத்தில் குழந்தைகள் ஓர் அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டுக்குப் போகிறார்கள். நடுக்காட்டில் ஒரு தெருவிளக்கு எரிகிறது. ஏன் என்று யாரும் சொல்வதில்லை. 1955-இல் ஆறாவதாக வந்த புத்தகம் அந்த உலகம் உண்டான கதை, விளக்கு எப்படி அங்கே முளைத்தது என்றும் அதில் வருகிறது. ஆசிரியர் லூயிஸ் இறந்து பல வருஷம் கழித்து, 1994-இல் அமெரிக்கப் பதிப்பில் எண்களை மாற்றி, ஆறாவதை ஒன்று என்று போட்டுவிட்டார்கள். இன்று கடையில் வாங்கினால் அந்த எண்தான்.

எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. அலமாரிக் கதையில் சிங்கத்தின் பெயர் முதல் தடவை வரும்போது, அவர் யாரென்று அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்று கதைசொல்லி நம்மைப் பார்த்துச் சொல்கிறார். புது எண் வரிசையில் படித்த குழந்தைக்கு அவரை ஏற்கெனவே தெரியும்! வரியே பொய்யாகிவிடுகிறது. எழுதியவர் எந்த வாசகரை மனசில் வைத்து எழுதினார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? பூனையார் சபதத்தைப் பற்றிச் சொன்னதும் இதுதான்.

---

வைகைக்கரை

ரயில்வே காலனி நண்பரே, கதையின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். 1957-இல் ஒரு பையன் லூயிஸுக்குக் கடிதம் எழுதினான். அவன் அம்மா வெளிவந்த வரிசைதான் சரி என்கிறார், அவனுக்குக் கதை நடந்த வரிசை பிடித்திருக்கிறது. லூயிஸ் பையன் பக்கம் சேர்ந்தார். ஆசிரியரே சொன்ன பிறகு நாம் யார்?

அறிவியல் புனைகதை எழுதிய அசிமோவும் அப்படித்தான். அவருடைய பவுண்டேஷன் புத்தகங்களில் முதல் மூன்று 1950-களின் தொடக்கத்தில் வந்தவை. 1988-இல் அதற்கெல்லாம் முந்திய காலத்தைச் சொல்லும் புத்தகம் ஒன்றை எழுதி, அதன் முன்னுரையில் தன் புத்தகங்களைக் கதைக்கால வரிசையில் பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

---

ரயில்வே காலனி

அதே கடிதத்தில் லூயிஸ், எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள் :) பையனை மனசு நோகாமல் வைக்க எழுதிய கடிதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அசிமோவ் போட்டது கால அட்டவணை. எழுதியது அந்த வரிசையில் இல்லை என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார். நான் 1988 புத்தகத்தில் ஆரம்பித்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஹாரி செல்டன் யார் என்று தெரியாமல் செல்டனின் இளமைக்காலத்தைப் படித்தால் எதற்காக அவரை இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று புரியாது. அங்கேயே நின்றுவிட்டார், அதற்கு மேல் அசிமோவ் பக்கம் வரவில்லை.

---

கீழவீதி சங்கர்

துப்பறியும் கதைக்கு வாருங்கள். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் கதைகளை யாராவது வரிசை பார்த்துப் படித்தீர்களா? நைலான் கயிறு 1968. அதில் கணேஷ் உண்டு, வசந்த் கிடையாது. அனிதா இளம் மனைவியிலும் டெல்லியில் கணேஷ் தனியாகத்தான் திரிவார். நான் தம்புச்செட்டித் தெரு ஆபீஸ் வந்த பிறகான கதைகளையெல்லாம் படித்துவிட்டு நைலான் கயிற்றுக்குப் போனேன். வசந்த் எப்போது வந்து கடிக்கப்போகிறான் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்ததுதான் மிச்சம். அதைத் தவிர ஒரு நஷ்டமும் இல்லை. ஒவ்வொரு கேஸும் தனித்தனி. வயசும் ஏறுவதில்லை.

---

நூலகப்பூனை

சங்கர் சொல்வது கணேஷுக்குச் சரி, எல்லாத் துப்பறிவாளருக்கும் இல்லை. அகதா கிறிஸ்டியின் போய்ரோ கதைகளில் 1937-இல் வந்த டம்ப் விட்னஸ் என்ற நாவல் இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் போய்ரோ, தான் முன்பு கண்டுபிடித்த கொலைகாரர்களின் பெயரைப் பேச்சுவாக்கில் வரிசையாகச் சொல்லிவிடுவார். முந்திய நாலு நாவல் அவுட். அதைப் பழைய புத்தகக் கடையில் முதலில் எடுத்தவருடைய கதியை நினைத்துப் பாருங்கள்.

சுஜாதாவிலும் ஒரு விதிவிலக்கு: என் இனிய இயந்திரா, மீண்டும் ஜீனோ. இரண்டாவதை முதலில் தொடாதீர்கள். நிலா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்த நிமிஷமே முதல் புத்தகத்தின் முடிவு தெரிந்துவிடும்.

ஹோம்ஸ் நடுவில் நிற்கிறார். 1893-இல் அவரை அருவியில் தள்ளிக் கொன்றாகிவிட்டது. 1901-இல் பாஸ்கர்வில் நாய்க் கதையோடு வருகிறார், ஆனால் அது சாவுக்கு முன் நடந்த கேஸ் என்ற கணக்கில். உண்மையில் பிழைத்துத் திரும்புவது 1903-இல்தான். சிறுகதைகளை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் படிக்கலாம். அருவிக் கதையையும் அவர் திரும்பி வந்த கதையையும் மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

---

கரிசக்காடு

கி.ரா.வைச் சொல்லாமல் இந்த இழை முடியக் கூடாது. கோபல்ல கிராமம் 1976. கோபல்லபுரத்து மக்கள் அதற்கு அப்புறம், அதற்குத்தான் 1991-இல் சாகித்திய அகாடமி. மூன்றாவது அந்தமான் நாயக்கர். பரிசு வாங்கிய புத்தகம் என்று நிறையப் பேர் நடுவிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். படிக்கலாம், புரியும். ஆனால் ஆந்திரத்திலிருந்து தப்பித்து வந்த ஜனங்கள் முள்ளுக்காட்டைக் கொளுத்தி, நிலம் திருத்தி, ஊராக்கின கதையை மங்கத்தாயாரு அம்மாள் வாயால் கேட்டவனுக்குத்தான் பின்னாடி அந்த ஊருக்குள் ஒவ்வொரு புதுச் சாமானாக வந்து சேரும்போது சிரிப்பும் வரும், பகீரென்றும் இருக்கும். இங்கே கதைக்காலமும் எழுதின காலமும் ஒன்றாகவே போவதால் சண்டைக்கே இடமில்லை. வரிசையாய்ப் படிங்க, அவ்வளவுதான்.

---

நீலக்கடம்பு

இருபத்தாறு நாவல் உள்ள தொடருக்கு என்ன சொல்வீர்கள்? மகாபாரதத்தை ஜெயமோகன் நாவல்களாக எழுதிய வெண்முரசு 2014 ஜனவரி முதல் தேதி தொடங்கி 2020 ஜூலையில் முடிந்தது. வரிசையாகத்தான் படிப்பேன் என்று முதற்கனலில் ஆரம்பித்து மழைப்பாடலோடு மூச்சு வாங்கி நின்றவர்களே என் நட்பு வட்டத்தில் அதிகம். நான் நான்காவதான நீலத்தில் நுழைந்தேன். ராதையும் கண்ணனும், பாரதக் கதைக்குள் போகாமலே தனியாக நிற்கிற நூல். மொழி பிடித்துப்போனது, அப்புறம் திரும்பி முதலுக்குப் போனேன். மகாபாரதம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதில் யாருக்கு எந்தப் புதிர் உடையப்போகிறது?

வரிசை என்ற பயமுறுத்தலே நிறையப் பேரைப் புத்தகத்தின் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது என் வருத்தம்.

---

பழைய பைண்டிங்

நீலக்கடம்பு, அது நியாயமான வருத்தம். தெரிந்த கதைக்கு வாசல் நிறைய உண்டு. கூத்துப் பார்க்கிறவர்கள் பதினெட்டாம் போரில் வந்து உட்கார்ந்தாலும் துரியோதனன் யார் என்று கேட்பதில்லை. ஆனால் நரசிம்மரையும் நாகநந்தியையும் நமக்கு அப்படித் தாய்ப்பாலோடு யாரும் ஊட்டவில்லை. கல்கி சொல்லித்தான் தெரியும். அதனால் அவர் சொன்ன வரிசைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

---

மட்டுறுத்துநர்

கபால பைரவர் பற்றிய பதிவுகளில் எச்சரிக்கை வரி போட்டதற்கு நன்றி. கேள்வி கேட்டவர் இன்னும் படிக்கவில்லை, அதே ஒழுங்கைக் காப்பாற்றுங்கள். நந்தினி யாருடைய மகள் என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, இங்கே ஆரம்பித்த இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

---

கீழவீதி சங்கர்

வேறொருவர் எழுதிய தொடர்ச்சிகளை எந்த வரிசையில் சேர்ப்பது? விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி, பாலகுமாரனின் உடையார் எல்லாம்?

---

தேன்மொழி சே

நந்திபுரத்து நாயகி பொன்னியின் செல்வன் விட்ட இடத்தில் தொடங்குகிறது, அதனால் பின்னால்தான். ஆனால் சுடச்சுடப் படிக்காதீர்கள். கல்கியின் வந்தியத்தேவன் காதில் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போது வேறு ஒருவர் எழுதிய வந்தியத்தேவன் வந்தால் குரல் ஒட்டாது. இடையில் வேறு எதையாவது படியுங்கள். (பார்த்திபன் கனவில் வருகிற விக்கிரமனும் இந்த விக்கிரமனும் வேறு, அதற்கும் யாராவது குழம்பும் முன் சொல்லிவிடுகிறேன்.)

உடையார் ஆறு பாகம், ராஜராஜன் பெரிய கோயில் கட்டுகிற காலம். அதைத் தொடர்ச்சி என்று நினைக்கவே வேண்டாம். பாலகுமாரன் தன் பாட்டுக்குத் தஞ்சாவூரைக் கட்டியிருக்கிறார். கல்கியைத் தொடாதவர்கூட நேராக எடுக்கலாம்.

---

அல்லிக்கேணி

எச்சரிக்கை வரியோடு நின்றுவிட்டேன், சத்தியமாக! பெரும்பான்மை பக்கம் சாய்ந்து பார்த்திபன் கனவை எடுத்தேன், நேற்று இரவு முடிந்தது. இப்போதுதான் மேலே உள்ளதையெல்லாம் படித்தேன் (சபதம் பற்றிய பகுதிகளைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தாண்டிவிட்டேன், நாகநந்தி என்ற பெயர் மட்டும் கண்ணில் பட்டுவிட்டது, பரவாயில்லை).

சிவனடியார் விஷயத்தில் எனக்குப் பாதியிலேயே சந்தேகம் வந்தது. ஆனால் வேறு ஒருவர் மேல். அவர் சிறுத்தொண்டராக இருப்பார் என்று நினைத்தேன். ஆகவே ஏமாந்தேன், சந்தோஷமாகவே ஏமாந்தேன்.

கடைசியில் பார்த்திபனின் கனவு முந்நூறு வருஷம் கழித்து ராஜராஜன் காலத்தில் நிறைவேறியது என்று வருகிற இடத்தில் எனக்குச் சட்டென்று எல்லாம் சேர்ந்துகொண்டது. பொன்னியின் செல்வனை முதலில் படித்துவிட்டு வந்ததால்தான் அப்படி. அருள்மொழி யானைமேல் வருவதைப் பார்த்த பிறகு அந்த வரியைப் படிப்பது வேறு மாதிரி இருக்கிறது. இந்த வரிசையை யாருமே சிபாரிசு செய்யவில்லையே?

மாமாவிடம் சொன்னேன். "அப்படியானால் சபதத்தைப் பத்து நாளைக்குத் தொடாதே, நரசிம்மர் கொஞ்சம் மனசில் ஊறட்டும்" என்கிறார். கட்சி மாறிவிட்டார் போல.

---

வைகைக்கரை

மாமா கட்சி மாறினாலும் நான் மாறவில்லை. அடுத்து யாராவது கேட்டால் சபதம் முதலில் என்றுதான் சொல்வேன். நாகநந்தியை ஒன்றும் தெரியாமல் சந்தித்த அந்த அனுபவத்தை வேறு யாருக்காவது கொடுத்தாக வேண்டும் எனக்கு.

ஆனால் பொன்னியின் செல்வன், கனவு, சபதம் என்று பின்னோக்கிப் போகிற உங்கள் பாதையை நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு புத்தகமும் முந்தியதற்கு முந்திய காலத்துக்குப் போகிறது. சபதம் முடித்ததும் வந்து எழுதுங்கள், கண்டிப்பாக.

---

பழைய பைண்டிங்

ஒரு வார்த்தை, அல்லிக்கேணி அம்மா. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, அதனால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. சபதம் வாங்கும்போது பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு என்று நாலு பாகமும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சுருக்கப் பதிப்புகளும் அதே அட்டைப் பகட்டோடு விற்கின்றன. இணையத்தில் படிப்பதானால் மதுரைத் திட்டத்தில் முழுசாக இருக்கிறது.

---

அல்லிக்கேணி

நன்றி ஐயா. வாங்கி வைத்திருப்பது ஒரே தொகுப்பு, நாலு பாகமும் இருக்கிறது, இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். எழுத்துதான் ரொம்பப் பொடி. பெரிய எழுத்துப் பதிப்பு எது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மாமாவும் மறுபடி படிக்கப்போகிறாராம்.